சாரதியின் கூற்றும் ஆய்வுகூடத்தின் கூற்றும்

மோட்டார் வாகனம் ஒன்று ஒரு லீற்றர் எரிபொருளில் எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்பது மேலோட்டமாக நோக்குவார்க்குச் சந்தைக்கடை வினாவாகத் தோன்றலாம். தமிழ்ச் சங்க ஏடொன்றில் இதற்கென்ன இடம் என வினவுவோரும் உளர். ஆயின் இவ்வினாவினுள்ளே அதனினும் பெரியதொரு வினா அடங்கிக் கிடக்கின்றது. யாருடைய அனுபவம் அறிவு எனக் கணிக்கப்படத்தக்கது? வாகனத்தை நாள்தோறும் ஓட்டி, எரிபொருளுக்குத் தன் உழைப்பின் ஊதியத்தைக் கொடுப்பவனின் அனுபவமா? அல்லது அவ்வாகனத்தை விற்பவன் தன் கூடத்தினுள் வைத்துப் பெற்ற அளவீடா? பல்கலைக்கழகத்தார் கவனிக்கவேண்டிய வினா இதுவேயாகும்.

இவ்விடயத்தில் நம்மிடையே இரு சாரார் உளர். ஒரு சாரார், 'என் கார் லீற்றருக்கு இருபத்தைந்து கொடுக்கிறது' என நண்பரொருவர் கூறியதும் அதனை வேதவாக்காகக் கொண்டு வங்கிக் கடனுக்கு விண்ணப்பிப்போர். மற்றைய சாரார் படித்தவர்கள். சாரதிகள் கூறும் எண்கள் அகநிலைப்பட்டவை, கட்டுப்பாடற்றவை, விஞ்ஞானம் ஆகா. ஆய்வுகூடத்தில் விதிமுறைப்படி பெறப்பட்ட எண்ணே எண் என்பது இவர்தம் வாதம். முதற் சாராரின் பிழை வெளிப்படையானது. அது அவர்களுடைய பணப்பையையே சுடும். இரண்டாம் சாராரின் பிழையோ விஞ்ஞானத்தின் பெயரால் இழைக்கப்படுவது. அதனாலேயே கூடிய தீங்குடையது. இக்கட்டுரை பெரிதும் அவர்களை நோக்கியே எழுதப்படுகின்றது.

சாரதிக்கு எதிரான குற்றச்சாட்டு

நேர்மையான வாதம் எதிர்த்தரப்பின் வலுவை ஒப்புக்கொண்டே தொடங்கவேண்டும். சாரதியின் கூற்றில் குறைகள் பல உள. அவற்றை மறைத்துப் பயனில்லை.

முதலாவது குறை அளவிடும் முறை பற்றியது. வழக்கமான முறை, தாங்கியை நிரப்பி, ஓடி, மீண்டும் நிரப்பி, ஓடிய தூரத்தை நிரப்பிய அளவால் வகுத்தல். ஆனால் 'நிரம்பியது' என்பது யாது? எரிபொருட் குழாயின் முனை தானாக மூடிக்கொள்ளும் இடம், பம்பிக்குப் பம்பி, நிலத்தின் சரிவுக்குச் சரிவு, பாயும் வேகத்துக்கு வேகம் மாறுபடும். இதனால் ஒரு லீற்றர் கூடியோ குறைந்தோ போகலாம் எனக் கொள்வோம். பத்து லீற்றர் மட்டும் நிரப்பிக் கணக்குப் பார்ப்பவனுக்கு அந்த ஒரு லீற்றர் நூற்றுக்குப் பத்து வீதப் பிழையாகும். லீற்றருக்கு 18 கிலோமீற்றர் ஓடும் வாகனம் அவனுக்கு ஏறத்தாழ இருபதாகத் தோன்றும். அந்த இருபதே ஊரெங்கும் பரவும்.

இரண்டாவது குறை கருவிகள் பற்றியது. ஓடுமானி சில்லின் சுழற்சியை எண்ணுகின்றதேயன்றி வீதியை அளப்பதில்லை. ரயர் தேயத் தேயச் சில்லின் சுற்றளவு குறையும். எட்டு மில்லிமீற்றர் ஆழமுள்ள புதிய ரயர் தேய்ந்து சட்டம் அனுமதிக்கும் எல்லையை அண்மிக்கும்போது ஓடுமானி ஏறத்தாழ இரண்டு வீதம் கூடுதலான தூரத்தைக் காட்டும். பெற்றோலும் வெப்பத்தால் விரிவது. பத்துப் பாகை செல்சியஸ் வேறுபாடு அதன் கனவளவை ஏறத்தாழ ஒரு வீதத்தால் மாற்றும். முகப்புப் பலகையிலுள்ள கணினி காட்டும் எண்ணோ எரிபொருளை நேரே அளந்து பெறப்பட்டதன்று. உட்செலுத்தி திறந்திருந்த நேரத்தைக் கொண்டு அது மதிப்பிடுகின்றது. அம்மதிப்பீடு சில வீதம் பிசகுதல் இயல்பு.

மூன்றாவது குறை எண்கணிதம் பற்றியது. ஒருவர் சமவெளியில் நூறு கிலோமீற்றரை லீற்றருக்கு இருபது வீதமும், நகர நெரிசலில் நூறு கிலோமீற்றரை லீற்றருக்குப் பத்து வீதமும் ஓட்டினார் எனக் கொள்வோம். சராசரி யாது? பதினைந்து என்பார் பலர். ஆனால் அவர் எரித்தது ஐந்தும் பத்துமாகப் பதினைந்து லீற்றர். ஓடியது இருநூறு கிலோமீற்றர். எனவே சராசரி 13.3 ஆகும். பதினைந்து எனக் கூறுபவர் பொய்யரல்லர். வகுக்க வேண்டியதைக் கூட்டி வகுத்தவர்.

நான்காவது குறை மனிதனைப் பற்றியது. பெருந்தொகை கொடுத்து வாங்கிய பொருளைப் பழிக்க எவரும் விரும்பார். மிகச் சிறந்த பயணமே நினைவில் நிற்கும். குளிரூட்டியை முழுமையாக இயக்கி நெரிசலில் ஊர்ந்த நாள் மறக்கப்படும். விற்க எண்ணியிருப்பவனின் எண் எப்போதும் ஒருபடி உயர்ந்தே நிற்கும். மேலும், கேளாமலே தம் எண்ணைக் கூற முன்வருவோர் எல்லாச் சாரதிகளுக்கும் பிரதிநிதிகள் அல்லர்.

இக்குற்றச்சாட்டுகள் யாவும் உண்மையே. ஆயின் இவற்றிலிருந்து 'சாரதியின் எண் பயனற்றது' என்ற முடிபு தானாகப் பெறப்படுமா? பெறப்படாது. புள்ளிவிபரவியலின் முதற் பாடத்தைக் கற்றவர்களே அதனை மறந்துவிடுவதுதான் வியப்பு.

பிழைகள் யாவும் ஒரே இனத்தவை அல்ல

எழுமாற்றுப் பிழை வேறு. ஒருபக்கச் சாய்வுப் பிழை வேறு. தாங்கியை நிரப்புவதில் நேரும் பிழை முதலாவது இனத்தது. அதிலும் ஒரு சிறப்பு உண்டு. இன்று ஒரு லீற்றர் குறைவாக நிரப்பப்பட்டால் அடுத்த முறை அந்த ஒரு லீற்றர் கூடுதலாக ஏறும். ஆகவே தொடர்ச்சியாகப் பத்து முறை நிரப்பிக் குறித்து வைத்தால் இடையிலுள்ள பிழைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். முதல் நிரப்பலினதும் இறுதி நிரப்பலினதும் பிழைகளே எஞ்சும். முந்நூறு லீற்றரில் ஒரு லீற்றர் என்பது ஒரு வீதத்தின் மூன்றிலொரு பங்கு. குறிப்புப் புத்தகமும் பென்சிலும் கொண்டு பெறப்பட்ட இந்நுட்பத்தை எந்த ஆய்வுகூடமும் எள்ளிநகையாட முடியாது.

ஓடுமானியின் சாய்வும் சாரதியின் பெருமிதமும் இவ்வாறு அழியமாட்டா என்பது உண்மை. ஆனால் அச்சாய்வு ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அளவினதாயின், ஒப்பீட்டில் அது கழிந்துவிடும். ஐந்து நிமிடம் முந்திச் செல்லும் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டாது. ஆனால் விரிவுரை எத்தனை நிமிடம் நீடித்தது என்பதைச் சரியாகவே காட்டும். இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாதவர் சாரதியின் பேரேட்டை வாசிக்கத் தகுதியற்றவர்.

ஆய்வுகூடத்தின் எண் எவ்வாறு பிறக்கின்றது?

இனி மறுதரப்பு எண்ணின் பிறப்பையும் ஆராய்வோம். வாகனம் வீதியில் ஓட்டப்படுவதில்லை. அது உருளைகளின் மேல் நிறுத்தப்பட்டு, வகுத்த கால அட்டவணைப்படி விரைவாக்கப்பட்டும் தடுக்கப்பட்டும் ஓட்டப்படுகின்றது. ஐரோப்பாவில் 2017ஆம் ஆண்டுவரை நடைமுறையிலிருந்த பழைய ஓட்டச் சக்கரம் இருபது நிமிடத்துக்கும் குறைவானது. அதன் தூரம் ஏறத்தாழ 11 கிலோமீற்றர். சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீற்றரளவு. குளிரூட்டி நிறுத்தப்பட்டிருக்கும். ஏற்றமில்லை, மழையில்லை, பயணிகள் இல்லை. வினாத்தாளைப் பல ஆண்டுகளுக்கு முன்பே பெற்றுவிட்ட மாணவன் அத்தாளுக்கேற்பத் தன்னை ஆயத்தஞ்செய்வதுபோல, உற்பத்தியாளரும் அச்சக்கரத்துக்கேற்பவே வாகனத்தை ஆயத்தஞ்செய்தனர். இது சட்டவிரோதமன்று, ஆனால் அறிவுமன்று.

இதனினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. உருளைகள் எவ்வளவு தடையைக் கொடுக்கவேண்டும் என்பது எவ்வாறு தீர்மானிக்கப்படுகின்றது? திறந்தவெளித் தடத்தில் வாகனத்தை வேகமாக ஓட்டி, பின் இயந்திரத்தின் தொடர்பைத் துண்டித்து, அது தானாக வேகங்குறையும் நேரத்தை அளந்து, காற்றினதும் ரயர்களினதும் தடையைக் கணிப்பர். இவ்வளவீட்டைச் செய்து ஒப்படைப்பவர் உற்பத்தியாளரே. இவ்வொரு படி பிசகினால் அதன்பின் வரும் துல்லியம் யாவும் பிசகின் துல்லியமேயாகும்.

அது பிசகவில்லையா? 2012 நவம்பரில் ஹியுண்டாய், கியா ஆகிய நிறுவனங்கள் ஐக்கிய அமெரிக்காவில் 2011 முதல் 2013 வரையான மாதிரிகளுள் ஏறத்தாழ 9 இலட்சம் வாகனங்களின் எரிபொருட் சிக்கன எண்களைக் குறைக்கவேண்டியதாயிற்று. பிசகு நேர்ந்த இடம் மேற்கூறிய தடை அளவீடே. 2014இல் பத்துக் கோடி டொலர் தண்டப்பணத்துக்கு அவை உடன்பட்டன. 2016 ஏப்ரலில் யப்பானின் மிற்சுபிசி நிறுவனம், நிசானுக்கென உற்பத்தி செய்தவை உட்பட 6,25,000 சிறு கார்களின் எண்கள் திரிக்கப்பட்டவை என ஒப்புக்கொண்டது. அங்கும் இதே அளவீடுதான். அடுத்த மாதமே சுசுக்கி நிறுவனமும் விதித்த முறைப்படி இவ்வளவீட்டைச் செய்யவில்லை என வெளிப்படுத்தியது. 'கட்டுப்பாடான சூழல்' என நம் அறிஞர் போற்றும் சூழல் இவ்வாறு யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது என்பதை இந்நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன.

பேரேடு பகர்ந்த சாட்சியம்

ஹியுண்டாய் விவகாரத்தில் அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் அவ்வாகனங்களை மீளச் சோதித்தது. அம்முடிவுக்கு முன்னர் அம்முகவரகத்துக்கு நுகர்வோரிடமிருந்து முறைப்பாடுகள் பல வந்திருந்தன. முறைப்பாடு செய்தோர் பொறியியலாளர் அல்லர். குறிப்புப் புத்தகம் வைத்திருந்த சாதாரண சாரதிகள். அதே முகவரகம் 1985ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து, ஆய்வுகூட எண்ணை நகர ஓட்டத்துக்கு 10 வீதத்தாலும் நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு 22 வீதத்தாலும் குறைத்தே மக்களுக்கு அறிவித்தது. ஏன்? வீதியிற் கிடைத்த எண் கூடத்தின் எண்ணை எட்டவில்லை என்பது தெளிவாகிவிட்டமையாலேயே. அதுவும் போதாதெனக் கண்டு 2008ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து சோதனை முறையே விரிவாக்கப்பட்டது.

ஐரோப்பியச் சான்று இதனினும் வலியது. ஜேர்மனியில் சாரதிகள் தாமாகவே தம் எரிபொருட் கணக்கைப் பதியும் ஸ்பிரிற்மொனிற்றர் என்னும் பொதுப் பேரேடு உண்டு. அதனையும் பிற நாட்டுத் தரவுகளையும் தூய போக்குவரத்துக்கான சர்வதேச சபை ஆண்டுதோறும் ஆராய்ந்தது. 2001ஆம் ஆண்டளவில் உத்தியோகபூர்வ எண்ணுக்கும் வீதி எண்ணுக்கும் இடையே நூற்றுக்குப் பத்து வீதத்துக்குட்பட்டிருந்த இடைவெளி, 2015ஆம் ஆண்டளவில் நாற்பது வீதத்தை எட்டியிருந்தது.

'பதிந்தவர்கள் ஆர்வலர், பிரதிநிதிகள் அல்லர்' என்ற மறுப்பு இங்கே எழும். எழட்டும். தன் எரிபொருட் செலவை ஒவ்வொரு லீற்றராகக் குறித்துவைக்கும் ஒருவர் பிறரைவிடச் சிக்கனமாக ஓட்டுவார் என்றே எதிர்பார்க்கலாம். அவ்வாறாயின் உண்மையான இடைவெளி பேரேடு காட்டியதிலும் பெரிதாக இருந்திருக்கும். அன்றியும் ஒல்லாந்தில், நிறுவனங்களின் எரிபொருள் அட்டையால் நிரப்பிய வாகனங்களின் கணக்குகளும் ஆராயப்பட்டன. அச்சாரதிகள் பெருமிதத்தாற் பதிந்தவரல்லர்; தம் பணத்தைச் செலவிட்டவருமல்லர். இரு தொகுதிகளின் எண்களும் வேறுபட்டன. ஆனால் இடைவெளி விரிந்துகொண்டு சென்றது என்பதில் இரண்டும் ஒத்துநின்றன. வெவ்வேறு சாய்வுகளையுடைய சாட்சிகள் ஒரே திசையைச் சுட்டும்போது அத்திசையை நோக்காதிருப்பது விஞ்ஞானமா?

2017 முதல் ஐரோப்பாவிற் புதிய சோதனை முறை நடைமுறைக்கு வந்தது. 2021 முதல் விற்கப்படும் புதிய கார் ஒவ்வொன்றும் தன் எரிபொருட் செலவைத் தானே பதியும் கருவியைக் கொண்டிருத்தல் கட்டாயமாயிற்று. அவ்வாறு பதிந்த ஏறத்தாழ 6 இலட்சம் வாகனங்களின் தரவுகளை ஆராய்ந்து 2024இல் ஐரோப்பிய ஆணைக்குழு வெளியிட்ட முடிபு யாது? புதிய முறையின் பின்னரும் பெற்றோல், டீசல் கார்கள் வீதியில் உத்தியோகபூர்வ எண்ணிலும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு கூடுதலாகவே எரிக்கின்றன. மின்னேற்றக்கூடிய கலப்பின வாகனங்களின் புகைவாயு வெளியீடோ அறிவிக்கப்பட்டதைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு. சாரதிகள் பென்சிலால் எழுதியதையே பின்னர் கருவி உறுதிசெய்தது.

சாரதியின் எண் தோற்கும் இடம்

இவ்வாறு கூறுவதால், 'என் நண்பன் இருபத்தைந்து என்றான்' என்போருக்கு வெற்றி கிட்டிவிட்டதென எவரும் மகிழவேண்டாம். பலரின் பேரேடு வேறு. ஒருவரின் வாய்ச்சொல் வேறு. அமெரிக்கச் சாரதிகள் தாமாக அறிவித்த எண்களை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வொன்று, உத்தியோகபூர்வ எண் பலரின் சராசரியோடு ஓரளவு ஒத்துப்போவதையும், தனியொருவருக்கு என்ன கிடைக்கும் என்பதை முன்கூறுவதில் அது மிகவும் தளர்ந்திருப்பதையும் காட்டியது. ஒரே வகைக் காரை ஒருவர் மலைப்பாதையிலும் ஒருவர் சமவெளியிலும், ஒருவர் இரண்டு கிலோமீற்றர்ப் பயணத்துக்கும் ஒருவர் இருநூறு கிலோமீற்றர்ப் பயணத்துக்கும் பயன்படுத்துகின்றனர். இயந்திரம் சூடேறுமுன்னரே முடிந்துவிடும் பயணம் எந்தக் காரையும் குடிகாரனாக்கும். ஆகவே பிறனொருவனின் தனி எண்ணை நம்பி வாகனம் வாங்குவது, பிறனின் மூக்குக்கண்ணாடியை அணிந்து நூல் வாசிப்பதை ஒக்கும்.

நம் நாட்டின் கணக்கு

இவையெல்லாம் பிறநாட்டார் பிரச்சினையென இலங்கையர் ஒதுக்கிவிட இயலாது. நம் வீதிகளில் ஓடும் கார்களிற் பெருந்தொகையானவை யப்பானிற் பயன்படுத்தப்பட்டு இங்கு இறக்குமதியானவை. அவற்றோடு யப்பானியச் சோதனை எண்ணும் சேர்ந்தே இறக்குமதியாகின்றது. 2009இல் அங்கு வெளிவந்த ரொயோற்றா பிறியஸ் காரின் ஒரு வகைக்கு, பழைய சோதனை முறையில் லீற்றருக்கு 38.0 கிலோமீற்றர் எனவும், அடுத்து வந்த முறையில் 32.6 கிலோமீற்றர் எனவும் அறிவிக்கப்பட்டது. கார் ஒன்றே, இயந்திரம் ஒன்றே, இரு எண்களும் உத்தியோகபூர்வமானவையே. இவற்றுள் எது கண்டி வீதிக்குரியது? எது கொழும்பு நெரிசலுக்குரியது? இரண்டும் அல்ல.

இதனால் இழப்பவர் யார் என்பதை 2022ஆம் ஆண்டு நமக்கு உணர்த்தியது. அவ்வாண்டு ஜூன் இறுதியில் சாதாரண பெற்றோல் லீற்றர் ஒன்றின் விலை 470 ரூபாவாயிற்று. ஓகஸ்ட் முதல் நாடெங்கும் அட்டைக் குறியீட்டு முறையில் எரிபொருள் பங்கிடப்பட்டபோது காருக்கு வாரம் 20 லீற்றரும் முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றரும் மோட்டார்ச் சைக்கிளுக்கு 4 லீற்றரும் என விதிக்கப்பட்டது. லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடும் முச்சக்கரவண்டிக்கு அப்பங்கு 125 கிலோமீற்றர்; இருபதே ஓடுவதற்கு 100 கிலோமீற்றர். அந்த இருபத்தைந்து கிலோமீற்றர் ஒரு குடும்பத்தின் ஒருநாள் உலை. அந்நாட்களில் நம் சாரதிகள் ஒவ்வொரு சொட்டையும் கணக்கிட்டனர். அரசின் முறையும் ஒவ்வொரு லீற்றரையும் வாகன இலக்கத்தோடு பதிந்தது. ஆனால் எத்தனை லீற்றர் என்பதே அதன் வினா. எத்தனை கிலோமீற்றர் என்பது அதன் வினாவன்று. ஓடுமானியின் எண்ணையும் கேட்டிருப்பின், எந்த ஆய்வுகூடமும் தரவியலாத தேசியப் பேரேடு ஒன்று சில மாதங்களுள் நம் கையில் இருந்திருக்கும்.

செய்யவேண்டியது

சாரதியின் கூற்றை நம்புவதா, தள்ளுவதா என்ற வினாவே தவறானது. சாட்சியை விசாரிப்பதே முறை. விசாரணையின் விதிகளும் கடினமானவை அல்ல. குறைந்தது பத்து நிரப்பல்களின் மொத்தத் தூரமும் மொத்த லீற்றரும் கூறப்படாத எண்ணை எண்ணாகக் கொள்ளாதிருப்போம். எத்தகைய வீதி, எத்தனை பேர், குளிரூட்டி இயங்கியதா என்பன கூறப்படவேண்டும். மிகச் சிறந்த பயணத்தைக் கூறுபவர் மிக மோசமானதையும் கூறவேண்டும். பலரின் எண்களைத் தொகுப்போர் சராசரியோடு அவற்றின் பரம்பலையும் வெளியிடவேண்டும்.

அளவையையும் மாற்றவேண்டும். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் வாகனம் 12 ஆகத் திருந்தினால் 12,000 கிலோமீற்றரில் 200 லீற்றர் மிச்சமாகும். 20 ஓடுவது 24 ஆகத் திருந்தினால் மிச்சமாவது 100 லீற்றரே. நான்கு என்பது இரண்டிலும் பெரிதெனக் கண் கூறும். பணப்பை அதனை மறுக்கும். இம்மயக்கத்தை லாரிக், சோல் என்னும் ஆய்வாளர் இருவர் 2008இல் எடுத்துக்காட்டினர். நூறு கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் எனக் கூறத் தொடங்கினால் மயக்கம் தீரும். மேற்கூறிய சராசரிப் பிழையும் பெரும்பாலும் ஒழியும்.

இப்பணிக்குப் பெருநிதி வேண்டியதில்லை. பொறியியற் பீட மாணவரும் புள்ளிவிபரவியல் மாணவரும் ஒரு நகரத்தின் முச்சக்கரவண்டித் தரிப்பிடங்களிற் குறிப்புப் புத்தகங்களைக் கொடுத்து ஓராண்டு காத்திருந்தாற் போதும். 2025 பெப்ரவரியிற் கார் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டபின், நாட்டின் அந்நியச் செலாவணி எவ்வகை வாகனத்துக்கு, எவ்வகை எண்ணை நம்பிச் செலவாகின்றது என்று கேட்கும் கடமை யாருக்கு உண்டு? விற்பவனுக்கு இல்லை. அறிவை உற்பத்தி செய்வதாகக் கூறிக்கொள்ளும் நமக்கே உண்டு.

அறிவு ஆய்வுகூடத்திற் பிறக்கலாம். பென்சில் பிடித்த சாரதியின் கையிலும் பிறக்கலாம். எங்கு பிறந்தாலும் அது கேள்விக்கு முகங்கொடுக்க வேண்டும். சாரதியிடம் ஆயிரங் கேள்வி கேட்கும் நம் அறிஞர், அச்சடித்த விற்பனைத் தாளின் முன்னே மட்டும் வாய்பொத்தி நிற்பது விஞ்ஞான மனப்பாங்கன்று. அது அச்செழுத்துக்குச் செய்யும் வழிபாடு.